தங்கையைக் கூட்டிவரப் போன இடத்தில் மூன்று கச்சேரி

நான் அமெரிக்கா போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் தங்கை ராஜத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வரப் போனேன். அவள் வீட்டுக்காரர் காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. நர்ஸ் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டாள். மலாக்காவில், பாச்சாங்கில் என் வீட்டில் நானும் தனி ஆள்தான். பின்னறைக்கு வெள்ளையடித்து, கட்டில் வாங்கிப் போட்டு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்து மாட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். "வந்து ரெண்டு மாசம் இருந்துட்டுப் போக்கா" என்று அவள் டெலிபோனில் கூப்பிட்டபோதே, திரும்பும்போது இரண்டு பேராகத் திரும்புவோம் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

விமான நிலைய வாசலில் ராஜம் நின்றாள். முழுக்கால் சட்டை, தலையில் தொப்பி. பக்கத்தில் ஆறடி உயரத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள். ராஜத்தின் கைப்பை அந்த அம்மாளின் தோளில் தொங்கியது. நான் முதலில் பார்த்தது அதைத்தான். ஒருத்தி பையை இன்னொருத்தி கேட்காமலே வாங்கி மாட்டிக்கொள்கிறாள் என்றால் அந்தப் பழக்கம் நேற்று வந்ததாக இருக்காது.

"அக்கா, இவதான் டோரிஸ். அடுத்த வீடு. ஸ்கூல் பஸ்சு ஓட்டினவ."

டோரிஸ் குனிந்து என்னைக் கட்டிக்கொண்டு "அக்கா!" என்றாள். எங்கள் ஊர் பாசாரில் மீன் விற்பவன்கூட என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அதற்கெல்லாம் நான் முகம் சுளித்ததில்லை. ஆனால் இவள் வாயிலிருந்து வந்ததும் சுருக்கென்றது. எனக்கு ஒரு தங்கை போதும்.

மூன்றாம் நாள் காலையில் ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போது ராஜம் சொன்னாள், "இன்னிக்கி பாட்டுக் கச்சேரிக்குப் போறோம்க்கா."

"சாமி பாட்டா?"

"இல்ல. ராக்கு. கித்தார் அடிச்சி, தொண்டையக் கிழிச்சிப் பாடுவாங்க. கோடைக்காலம் வந்தா நானும் டோரிசும் ஒண்ணு விடாமப் போவோம்."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான்க்கா நேரம் கெடைக்குது."

கச்சேரி மண்டபத்தில் என்று நினைத்தேன். அழைத்துப் போனது பந்து விளையாடும் திடலுக்கு. பேஸ்பால் என்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் ரவுண்டர்ஸ் ஆடுவார்களே, அதுபோல அடித்துவிட்டு ஓடும் ஆட்டந்தானாம். அதை இங்கே பெரிய ஆண்பிள்ளைகள் ஆடுகிறார்கள், சனங்கள் குடும்பத்தோடு வந்து பார்க்கிறார்கள். ஆட்டம் இல்லாத நாளில் திடலின் ஒரு மூலையில் மேடை கட்டிப் பாட விட்டுவிடுகிறார்கள். புல்லைப் பார்த்தேன். எங்கள் ரப்பர் தோட்டத்துத் திடலில் லாலாங் புல்லும் மாட்டுச் சாணியுமாகத்தான் இருக்கும். இங்கே சீப்பு எடுத்து வாரிவிட்டதுபோல் இருந்தது. ஒரு புல்லைப் பார்த்துக்கூடப் பொறாமை வருமா என்றால், வந்தது.

அந்தச் சின்ன ஊரில் நாற்காலி கிடையாது. புல்லிலேயே துணி விரித்து உட்காரலாம். ராஜத்துக்கென்று மலாக்காவிலிருந்து ஒரு மெங்குவாங் ஓலைப் பாய் கொண்டுபோயிருந்தேன். தோட்டத்துத் திடலில் படம் போடும் நாளில் எப்படிச் செய்வோமோ அப்படியே செய்தேன். கூட்டம் வருமுன் நல்ல இடமாகப் பார்த்துப் பாயை விரித்து, சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நடுவில் உட்கார்ந்து காவல் காத்தேன். இரண்டு குளிர்பானத்தோடு வந்த டோரிஸ் நேராகச் சப்பாத்துக் காலோடு பாய்மேல் ஏறி நின்றாள்.

"ராஜம், அவள எறங்கச் சொல்லு."

"அவளுக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதுன்னுதான் சொல்றேன், சொல்லு."

ராஜம் சொன்னாள். டோரிஸ் நெருப்பை மிதித்தவள்போல் குதித்து இறங்கினாள். சப்பாத்தைக் கழற்றினாள், காலுறையையும் கழற்றினாள், பாயைக் கையால் துடைத்தாள். "சாரி, அக்கா, சாரி, சாரி" என்று என் முகத்தையே பார்த்தாள். இத்தனை பணிவாக மன்னிப்புக் கேட்பவளிடம் எப்படிக் கோபப்படுவது? அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பாட்டு ஆரம்பித்ததும் நான் மாத்திரை டப்பாவிலிருந்த பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டேன். முழக்கம் காதில் விழவில்லை, வயிற்றில் விழுந்தது. தைப்பூசத்துக்கு உறுமி மேளம் அடிக்கும்போது அடிவயிறு அதிருமே, அப்படி. பாடியவனுக்கு என் வயது இருக்கும். நரைத்த தலை, இறுக்கமான சட்டை. மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிறான். நான் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும்.

இரண்டாவது பாட்டுக்கு ராஜம் எழுந்தாள். டோரிசும் எழுந்தாள். கைகளைத் தூக்கித் தட்டினார்கள். ராஜம் குதித்தாள். பள்ளிப் பாட்டைக்கூட வாய்க்குள் முனகுகிற பெண் அவள். இங்கே வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, ஒரு சொல் பிசகாமல் இங்கிலீஷில் பாடுகிறாள். ஒவ்வொரு அடி முடிவிலும் டோரிசைத் திரும்பிப் பார்க்கிறாள். டோரிஸ் அவளைப் பார்க்கிறாள். புருஷன் போய் இரண்டு வருஷம் ஆனவள் இப்படிக் குதிப்பதை ஊரில் என் பக்கத்து வீட்டு சரசாவிடம் எப்படிச் சொல்வது என்று பாயில் உட்கார்ந்தபடியே நான் வார்த்தை கூட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் பெரிய நகரத்துத் திடல். டோரிசின் வேனில் இரண்டு மணி நேரம். முன்னால் அவர்கள் இருவரும், பின்னால் நான். அவர்கள் எதற்கோ சிரிப்பார்கள். "என்ன லா?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்லக்கா, அது பழைய கதை" என்பாள் ராஜம். அவளுடைய பழைய கதையில் நான் இல்லாத கதை இருக்கிறது என்பது எனக்கு அந்த வேனில்தான் உறைத்தது. நான் கடைசியாக அவளோடு ஒரு கூரையின்கீழ் இருந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது.

அன்று விடியற்காலையில் எழுந்து நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, செய்திருந்தேன். டப்பாத் தேங்காய்ப்பால்தான், ஆனாலும் நெத்திலி மலாக்காவிலிருந்து கொண்டுவந்தது, சம்பலும் நன்றாகத் திரண்டு வந்தது. வாழையிலை கிடைக்காததால் ஈயத்தாளில் பொட்டலம் கட்டினேன். வாசலில் காவலுக்கு நின்றவன் என் பையைத் திறந்து பார்த்து, குப்பைத் தொட்டியைக் காட்டினான்.

"வெளிச் சாப்பாடு உள்ள கூடாதாம்க்கா. போடச் சொல்றான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோற்றைக் குப்பையில் போடுவதா? ராஜம் பேசிப் பார்த்தாள், அவன் அசையவில்லை. அப்போது டோரிஸ் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனிடம் ஏதோ சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"என்ன சொல்றா?"

"உள்ளதானே கூடாது, இங்கயே நின்னு சாப்புட்டுட்டு வர்றோம், நீ வேடிக்கை பாருன்னு சொல்றா."

அப்படியே செய்தோம். வாசலோரம் நின்றபடி மூன்று பேரும் கையால் சாப்பிட்டோம். டோரிஸ் சம்பலை அள்ளி வாயில் போட்டுவிட்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுக, "குட், அக்கா, குட்" என்றாள். மூன்று அவித்த முட்டை வைத்திருந்தேன். ராஜத்துக்கு இரண்டு, எனக்கு ஒன்று. மூன்று பேருக்கு மூன்று என்று நினைத்து டோரிஸ் ஒன்றை எடுத்துக்கொண்டாள். என் சோற்றைக் காப்பாற்றியவள் அவள். ஆனாலும் அந்த முட்டையை நான் இன்னும் மறக்கவில்லை.

உள்ளே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்வரிசையில் இருபது வயதுப் பெண்கள் நான்கு பேர். பாட்டு ஏறிக்கொண்டே போனது. முன்னாலிருந்த பெண்ணுக்குத் திடீரென்று உடம்பு உதறியது. கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சுழற்றி, கை இரண்டையும் விறைத்துக்கொண்டு, ஓவென்று அழுகிறாள். கூட வந்தவர்கள் பிடிக்கவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை, அவர்கள்பாட்டுக்கு ஆடுகிறார்கள். எனக்குப் பதறிவிட்டது. எங்கள் ஊரில் மேளம் இப்படி ஏறி ஒரு பெண்ணுக்கு அருள் வந்துவிட்டால் உடனே ஆள் பிடிப்பார்கள், பூசாரி வந்து நெற்றியில் திருநீறு போட்டு மலையேற்றுவார். இங்கே யார் இருக்கிறார்கள்?

நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள். அன்று எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. பையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, முன்னால் குனிந்து, அந்தப் பெண்ணின் தலையை ஒரு கையால் பிடித்து, "போதும் தாயி, எறங்கு" என்று சொல்லி நெற்றி நிறையப் பூசிவிட்டேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். என்னையும் என் சேலையையும் பார்த்தாள். பிறகு நாற்காலிக்கு மேலாகத் தாவி என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய தோழிகள் மூவரும் நெற்றியைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தாடி வைத்த ஒருவன். அவனுக்குப் பின்னால் ஒரு கணவன் மனைவி. நான் பூசிக்கொண்டே இருந்தேன். ராஜம் சிரித்துச் சிரித்து நாற்காலியில் சரிந்துவிட்டாள்.

"அக்கா, அந்தப் புள்ளைக்கி அருளும் இல்ல ஒண்ணுமில்ல. அவளுக்குப் புடிச்ச பாட்டு லா அது!"

கடைசியில் டோரிஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு, கூந்தலை ஒதுக்கி, என் முன்னால் குனிந்தாள். பொட்டலத்தில் பாதிக்குமேல் இருந்தது. நான் அதை மடித்தேன்.

"தீந்துபோச்சின்னு சொல்லு."

ராஜத்தின் சிரிப்பு நின்றது. என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். டோரிசிடம் அவள் ஏதோ சொன்னாள். டோரிஸ் பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டித் தொப்பியை மாட்டிக்கொண்டாள். அதன்பின் ராஜம் என் பக்கம் திரும்பவில்லை.

கச்சேரி முடிந்தபோதும் வெயில் போகவில்லை. அந்த ஊரில் கோடையில் எட்டரை மணிக்கும் பொழுது வெளுத்துத்தான் இருக்கிறது. கார்கள் நிற்கும் திடலுக்கு வந்தால் வேனைக் காணோம். ஆயிரக்கணக்கில் வண்டிகள். டோரிஸ் இந்தப் பக்கம் என்றாள், ராஜம் அந்தப் பக்கம் என்றாள். அரை மணி நேரம் சுற்றினோம். எனக்கு மட்டும் தெரியும். இறங்கியதுமே விளக்குக் கம்பத்திலிருந்து எத்தனையாவது நிரை, நிரையில் எத்தனையாவது வண்டி என்று எண்ணி வைத்திருந்தேன். முப்பத்து நான்கு வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவளுக்கு நிரை எண்ணாமல் நடக்கத் தெரியாது. அவர்கள் இருவரும் கொஞ்சம் திண்டாடட்டும் என்று வாயை மூடிக்கொண்டு சுற்றினேன். கால் வலித்த பிறகுதான் முன்னால் நடந்துபோய் வேனைத் தொட்டுக் காட்டினேன்.

டோரிஸ் கைதட்டினாள். ராஜம் தட்டவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் சொன்னாள், "ஏழு பேருக்குப் பூசினே. எட்டாவதா ஒரு நெத்திக்கி மனசு வரலியேக்கா. அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ராத்திரியெல்லாம் என்கூட முழிச்சிக்கிட்டு உக்காந்திருந்தது அந்த நெத்திதான்."

அந்த நாட்களில் நான் எங்கே இருந்தேன்? பாச்சாங்கில், டெலிபோன் பக்கத்தில்.

நான் ஊர் திரும்ப மூன்று நாள் இருக்கும்போது கடைசிக் கச்சேரி. பகலிலேயே வைத்திருந்தார்கள். முதல் ஆள் பாடிக்கொண்டிருக்கும்போதே எனக்கு மழை வாடை அடித்தது. மழை வந்தால் பால்வெட்டு இல்லை என்று வானத்தை மோந்தே வளர்ந்த மூக்கு இது. "எந்திரிங்க, வருது" என்றேன். ராஜம் நம்பவில்லை. டோரிஸ் உடனே எழுந்து பைகளை எடுத்தாள். நாங்கள் இருக்கைகளுக்குக் கீழே இருக்கும் சிமெண்டு நடையில் போய் நின்ற பிறகு, ஊற்ற ஆரம்பித்தது. பாட்டை நிறுத்திவிட்டார்கள். நனைந்த சனம் எங்களைச் சுற்றி வந்து நெருக்கியது. கழிவறை வரிசையில் நின்ற ஒரு கிழவி, துணியைப் பிழிந்தபடி, இதற்குத் தன் வீட்டுக்காரனுக்குச் சோறாக்கிப் போட்டிருக்கலாம் என்றாளாம். ராஜம் சொல்லித்தான் தெரியும். பக்கத்திலிருந்தவள், மழையாவது விட்டுவிடும், உன் வீட்டுக்காரன் விடமாட்டானே என்றாளாம். வரிசையே சிரித்தது. அந்தக் கிழவிகளைப் பார்த்தும் எனக்கு வயிறெரிந்தது. யார் என்ன நினைப்பார்கள் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை.

டோரிஸ் சூடாக ஏதாவது வாங்கிவரப் போனாள். இதுதான் நேரம் என்று கேட்டுவிட்டேன்.

"ராஜம், நீ என்கூட வந்துடு."

"எங்க?"

"பாச்சாங்குக்கு. ரூம்பு ரெடியா இருக்கு. கட்டிலு போட்டுட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துக்குவோம். இங்க உனக்கு யாரு இருக்கா?"

அவள் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லவே கூடாது என்று வைத்திருந்ததையும் அப்போது சொன்னேன்.

"நான் ஆறாவதோட நின்னு மரம் வெட்டப் போனதுனாலதான் நீ இங்கிலீசு ஸ்கூலுக்குப் போனே."

"தெரியும்க்கா. மறந்துட்டேன்னா நெனச்சே?" குரல் உயரவில்லை. "அங்க வந்தா நான் யாரோட இப்படிப் போவேன், சொல்லு."

"கோயில் திருவிழாவுக்குப் போவோம். பாட்டு, ஆட்டம் எல்லாம் இப்ப அங்கயும் போடறாங்க லா."

"போவோம். புருசன் இல்லாதவ, பின்னால ஒரு நாற்காலியில உக்காரணும். எந்திரிச்சிக் கை தட்டினா ஊரே பேசும். பேசாதா?"

நானும் புருஷன் இல்லாதவள்தான். பின் நாற்காலி எனக்குப் பழகிவிட்டது. அதில் ஒரு குறையும் இருப்பதாக அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

"பேசினா பேசட்டும்" என்றேன்.

"நீ பேசமாட்டியா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். முதல் கச்சேரியன்று பாயில் உட்கார்ந்து சரசாவுக்காக நான் கூட்டிய வார்த்தைகள் அத்தனையும் நாக்கில் வந்து நின்றன.

"பேசியிருப்பேன்" என்றேன்.

ராஜம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமில்லை. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "பொய் சொல்லாம இருந்தியே, அதுவே பெருசுக்கா" என்றாள்.

"டோரிஸ் பேசமாட்டாளாக்கும்?"

"அவ என்னைவிட மோசமா ஆடுவாக்கா. அவ என்னாத்தப் பேசறது?"

டோரிஸ் மூன்று கோப்பையை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், ராஜத்தின் முகத்தைப் பார்த்தாள். மெல்லிய குரலில் ஏதோ கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

"என்ன கேக்குறா?"

"நீ என்னைக் கூட்டிக்கிட்டுப் போறியான்னு கேக்குறா. நீ ஏர்ப்போட்டுல எறங்குன நாள்லேர்ந்து தெனம் கேக்குறா. ராத்திரி தூக்கமே இல்லையாம்."

நான் டோரிசை நன்றாகப் பார்த்தேன். அவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டியவள். கோப்பைகளை நீட்டக்கூட மறந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டு ஒருத்தி பயப்படுவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பாய்க்கு அத்தனை முறை சாரி சொன்னதும், அந்தக் காரமான சம்பலை அழுதுகொண்டே தின்றதும் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. ஆமாம் என்று தலையாட்ட எனக்கு ஆசையாக இருந்தது. ஒரு நிமிஷமாவது என் வயிற்றில் இருந்தது அவள் வயிற்றிலும் இருக்கட்டுமே. அந்த ஒரு நிமிஷம் அவளைக் காக்க வைத்தேன். பிறகுதான் எனக்குத் தெரிந்த நாலைந்து இங்கிலீஷ் வார்த்தையில் ஒன்றைச் சொன்னேன்.

"நோ."

டோரிஸ் கோப்பைகளைத் தரையில் வைத்துவிட்டு சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்த உயரம் அப்படியே சரிந்து என் உயரத்துக்கு வந்ததுபோல் இருந்தது. "தேங்க்யூ, அக்கா" என்றாள். நான் காப்பியை எடுத்துக்கொண்டேன். ஆறிப்போயிருந்தது.

மழை விட்டது. நாற்காலிகளைத் துடைத்து மறுபடியும் பாட ஆரம்பித்தார்கள். அவர்கள் இருவரும் முன்னால் போய்த் திரும்பி நின்று என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். போகவில்லை. நான் நடந்து போய், டோரிசுக்கும் ராஜத்துக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஓர் இடம் தள்ளி உட்காரும்படி டோரிஸ் கை காட்டினாள். நான் அசையவில்லை. அன்று பொழுது சாயும்வரை அவர்கள் இருவரும் என் தலைக்கு மேலாகத்தான் ஒருவரை ஒருவர் பார்த்துப் பாட வேண்டியிருந்தது.